நீங்க யாரோ, நான் யாரோ

விடுதலை நெருங்கிவிட்ட பெண்களுக்காகச் சிறைக்குள் ஒரு வகுப்பு நடந்தது. அலுவலகத்தில் அதற்கு நீளமான பெயர் இருந்தது. பெண்கள் அதை 'வெளிவகுப்பு' என்றார்கள். அறையின் கதவில் 'பெண்கள் பயிற்சி மையம்' என்று பலகை தொங்கியது. வங்கி அட்டையை இயந்திரத்தில் எந்தப் பக்கமாகச் செருகுவது, தானாகத் திறக்கும் கதவின் முன்னால் எங்கே நிற்பது, வாடகைக்கு வீடு கேட்கும்போது எதை முதலில் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்றெல்லாம் டீச்சர் அங்கே சொல்லிக்கொடுத்தாள்.

பெண்களுக்குப் பிடித்தது வேலை கேட்கும் ஒத்திகை. இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போடுவார்கள். ஒன்றில் முதலாளி, இன்னொன்றில் வேலை தேடி வந்தவள். முதலாளி வேஷத்தை 'ரேடியோ' யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டாள். வாய் ஓயாத காரணத்தால் அந்தப் பெயர்.

"இத்தனை வருஷம் எங்கம்மா இருந்தே?" கால்மேல் கால் போட்டுக்கொண்டு ரேடியோ கேட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் ஊசி. "வெளியூர்ல சார். ஒரு பெரிய தையல் யூனிட்ல."

"தங்குறதுக்கு?"

"அங்கேயே தங்கி வேலை."

"சாப்பாடு?"

"அதுவும் அங்கேயே."

"அடேங்கப்பா! வாடகை இல்ல, சமையல் இல்ல, வாசல்ல காவல் வேற. அந்த மாதிரி இடத்தை விட்டுட்டு ஏம்மா வந்தே? எனக்கும் அங்க ஒரு இடம் பிடிச்சுக் குடேன்!"

வகுப்பே சிரித்தது. ஊசி சிரிக்கவில்லை. "காண்ட்ராக்ட் முடிஞ்சுது சார்" என்றாள், மனப்பாடம் பிசகாமல்.

இந்தப் பதில்களை எழுதியவள் டீச்சர்தான். ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

ஊசியின் விஷயம் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. கொழுந்தனோடு சொத்துத் தகராறு. ஆத்திரத்தில் அவன் கடைக்குத் தீ வைத்தாள். உள்ளே ஒரு கூலியாள் தூங்கிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. ஆள் பிழைத்தான், ஆனால் ஒரு கை போய்விட்டது. சிறையின் தையல் கூடத்தில் வேலை முடிந்ததும் ஊசிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருநாள் ஒரு ஊசி குறைந்தது. அத்தனை பேரையும் சோதித்துக் கூடத்தையே புரட்டிப் போட்ட பிறகு, அது அவள் சட்டை மடிப்பில் இருந்தது. குத்தி வைத்தவள் மறந்துபோயிருந்தாள். அன்றிலிருந்து அவள் ஊசி.

அவளுக்கு ஒரு மகள். அக்கா வீட்டில் வளர்கிறாள். "ஒரு இடத்துல நிலையா நில்லு. அப்புறம் பொண்ணை அனுப்புறேன்" என்று அக்கா சொல்லியிருந்தாள். ஒத்திகையில் ஊசி ஒருநாளும் சிரிக்காததற்கு அதுதான் காரணம்.

யாராவது ஒருத்தி விடுதலையாகும் முன்பு, அவளுடைய கடைசி வகுப்பில் டீச்சர் எல்லோருக்கும் ஒரு விதி சொல்வாள். "வெளியில என்னைப் பாத்தா கண்டுக்காதீங்க. நீங்க யாரோ, நான் யாரோ. நான் எங்க வேலை பாக்குறேன்னு தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இருந்தா, நீங்க எங்கேருந்து வந்தீங்கன்னு தெரிஞ்சுபோயிடும். நானாவும் வந்து பேசமாட்டேன். தப்பா நினைக்காதீங்க." பெண்கள் இதற்கு 'யாரோ ரூல்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"டீச்சர், ஒரு சந்தேகம்" என்று ஊசியின் கடைசி வகுப்பில் ரேடியோ கையைத் தூக்கினாள். "இந்த ரூல் எங்க நல்லதுக்கா, உங்க நல்லதுக்கா?"

எல்லோரோடும் சேர்ந்து டீச்சரும் சிரித்தாள். "உங்க நல்லதுக்குத்தாண்டி, வாயாடி."

தையல் கூடத்திலிருந்து வகுப்புக்கு வரும் வழியில் ஒரு தடுப்புத் திரை இருந்தது. அதன் பின்னால் ஒவ்வொருத்தியையும் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். வார்டரின் குரல் மட்டும் வகுப்புக்குள் கேட்கும். "நில்லு. காட்டு." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நில்லு. காட்டு." கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருக்கும் டீச்சர் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்பதுபோல அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுடைய பையை வாசலில் ஒப்புக்குத் திறந்து பார்த்துவிட்டு, "வாங்க டீச்சர்" என்று அனுப்பிவிடுவார்கள்.

ஊசி விடுதலையாகிப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

தன் அலுவலக விழாவுக்குக் கவுன் எடுக்க வேண்டும் என்று நாத்தனார் டீச்சரைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் டீச்சர் கணவனின் தங்கை. அதே வீட்டில் இருப்பவள், நல்ல மனசு, ஊர்க்கதை எல்லாம் கைவசம். மூன்று மாடித் துணிக்கடையில் ஒரு தளம் விடாமல் ஏறி இறங்கி, முதலில் பார்த்த நீலக் கவுனிடமே திரும்பி வந்தாள். நீளம் கொஞ்சம் அதிகம்.

"குறைச்சுத் தைச்சுக் குடுப்போம் மேடம், நாளைக்கே கிடைக்கும்" என்று விற்பனைப் பெண் உள்பக்கம் குரல் கொடுத்தாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, உதடுகளுக்கிடையில் குண்டூசிகளோடு வந்தவள் ஊசி.

அவள் டீச்சரைப் பார்த்தாள். துணி அடுக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, நாத்தனாரின் காலடியில் மண்டியிட்டாள். எவ்வளவு நன்றாக ரூலைக் காப்பாற்றுகிறாள் என்று டீச்சருக்குத் தோன்றியது.

ஊசி மடிப்பை ஏற்றிக் குத்திக்கொண்டே வந்தாள். ஓரம் எங்கும் ஏறி இறங்காமல் நேர்கோடாக நின்றது. நாத்தனார் கண்ணாடியில் பார்த்து அசந்துபோனாள்.

"எங்கங்க கத்துக்கிட்டீங்க? இவ்ளோ நேர்த்தியா இருக்கே!"

ஊசி குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள். "வெளியூர்ல மேடம். ஒரு பெரிய தையல் யூனிட்ல. அங்கேயே தங்கி வேலை."

"அப்புறம் ஏன் விட்டுட்டீங்க?"

"காண்ட்ராக்ட் முடிஞ்சுது."

டீச்சர் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். தான் எழுதிய வசனம், வெளி உலகத்தில், ஒரு பிசிறு இல்லாமல்.

"எங்க அண்ணிகூட டீச்சர்தான்" என்று நாத்தனார் ஊசியிடம் பேச்சை வளர்த்தாள். "பெண்கள் பயிற்சி மையத்துல. வசதியான வீட்டுப் பொம்பளைங்களுக்குக் கேக் செய்ய, பூ செய்யக் கத்துக்குடுக்கிற இடம். இல்ல அண்ணி?"

கேக்கும் பூவும் நாத்தனார் தானாகச் சேர்த்துக்கொண்டவை. டீச்சர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. மறுத்ததும் இல்லை. வேலையில் சேர்ந்தபோது மாமியார் எங்கே வேலை என்று கேட்டதற்கு, கதவில் தொங்கும் பலகையை அப்படியே படித்துச் சொன்னாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கணவனுக்கு மட்டும் முழுதும் தெரியும்.

"ம்" என்றாள் டீச்சர்.

ஊசியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த குண்டூசியைக் குத்தியது. "திரும்புங்க மேடம்" என்று நாத்தனாரிடம் சொன்னாள்.

அவர்கள் பில் போடக் கீழே வந்தபோது காலை ஷிப்ட் முடிந்து வேலைக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கவுன்ட்டரை ஒட்டிய பக்கவாசல் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே புதிதாக ஒரு காவல்காரப் பெண் நின்றிருந்தாள். காக்கிச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. அன்றுதான் முதல் நாள் போலிருக்கிறது, குரலில் விறைப்பு அதிகம். முன்னால் போன பெண்களின் பைகளுக்குள் எட்டிப் பார்த்து அனுப்பினாள். அடுத்து ஊசி. கையில் சாப்பாட்டுப் பை. அவள் வேறெங்கோ நினைவாக நடந்து வந்தாள்.

சாவிக்கொத்து குலுங்கியது.

"நில்லு" என்றாள் காவல்காரப் பெண். "காட்டு."

ஊசி பையைத் தரையில் வைத்தாள். செருப்புகளைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து விரல்களை அகட்டினாள். கொண்டையை அவிழ்த்துக் குனிந்து தலைமுடியை உதறினாள். நிமிர்ந்து, வாயை அகலத் திறந்து, நாக்கை மேலே தூக்கி, அப்படியே நின்றாள்.

வரிசையில் நின்ற விற்பனைப் பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. காவல்காரப் பெண் ஒரு அடி பின்வாங்கி, "பையைத்தானேம்மா கேட்டேன்…" என்றாள்.

அப்போதுதான் ஊசியின் கண்களுக்கு வெளிச்சம் திரும்பியதுபோல இருந்தது. வாயை மூடினாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவிழ்ந்த முடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ, இது ஜெயில்ல பண்றதுல்ல அண்ணி?" நாத்தனார் கிசுகிசுத்தாள். அவளுடைய கிசுகிசுப்பு எப்போதும் நாலு பேருக்குக் கேட்கும். "டிவியில பாத்திருக்கேன்!"

கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து மேனேஜர் எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு ஏற்றியிருந்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. குழம்பிப்போயிருந்தார், அவ்வளவுதான்.

"எங்கம்மா வேலை பாத்தே முன்னாடி?"

ஒத்திகையில் ஒருமுறைகூடத் தடுமாறாத வசனம் ஊசியின் வாயில் வரவில்லை.

"சொல்லும்மா. உன்னைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா, உன்னைப் பத்திச் சொல்ல?"

ஊசி தலையைத் தூக்கினாள். அவள் பார்வை மேனேஜரைக் கடந்து, விற்பனைப் பெண்களைக் கடந்து, பில் கவுன்ட்டருக்கு வந்தது. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் டீச்சர் நின்றாள். பார்வை அவள் மேல் நிற்காமல், ஒரு தூணைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போனது.

"யாரும் இல்ல சார்."

ரூல்படி நடக்கிறாள் என்று டீச்சர் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அது உதவவில்லை. ஊசி மறைக்க வேண்டியது எல்லாம் இப்போது தரையில், கவிழ்த்த செருப்புகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்த ரூல் இனிமேல் காப்பாற்றக்கூடியது ஒருத்தியை மட்டும்தான்.

"அண்ணி, பில் ரெடி, வாங்க. நமக்கு எதுக்கு வம்பு" என்று நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள்.

டீச்சர் போனாள்.

அன்று சாப்பாட்டு மேஜையில் நாத்தனார் முழுக் கதையையும் நடித்தே காட்டினாள். எழுந்து நின்று, செருப்பைக் கழற்றுவதுபோலக் காட்டி, கையை விரித்து, கடைசியில் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினாள். மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. "அடிப்பாவி, சாப்பிடுற இடத்துல!" என்றபடி தண்ணீரைத் தேடினாள். டீச்சர்தான் தம்ளரை எடுத்துக் கொடுத்தாள். தன் உதடுகளும் சிரிப்புப்போல விரிந்திருப்பதை அவள் உணர்ந்தாள். கணவன் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்றான்.

"உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியாது" என்றாள். இதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை. அவன் கழுவிய தட்டுகளை எடுத்து அடுக்கிவிட்டுப் போனான்.

மறுநாள் வகுப்புக்கு முன்னால், திரையின் பின்னாலிருந்து "நில்லு. காட்டு" கேட்டது. டீச்சர் சுண்ணாம்புக்கட்டியை வைத்துவிட்டு, வந்த நாளிலிருந்து முதல்முறையாகப் போய்த் திரையை விலக்கினாள். ரேடியோ கைகளை விரித்து, வாயைத் திறந்து நின்றுகொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் வாய் சட்டென்று மூடியது. வாயாடியின் முகம் சிவந்து, அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன டீச்சர் இது" என்றாள், சின்னக் குரலில். "இதையெல்லாமா பாப்பாங்க?"

டீச்சர் திரையை இழுத்து மூடினாள். அன்று ஒத்திகை நடத்தவில்லை.

வகுப்பு முடிந்ததும் நேராகக் கடைக்குப் போனாள். மேனேஜர் கவுன்ட்டரில் இருந்தார். கவுன் சீட்டை நீட்டிவிட்டு, போய்விடலாமா என்று ஒரு கணம் நின்றாள்.

"தையல்ல இருக்காங்களே, நேத்து… அவங்களை எனக்குத் தெரியும்" என்றாள். "நான் சிறையில பாடம் எடுக்கிறேன். அவங்க என்கிட்ட படிச்சவங்க."

மேனேஜர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"நேத்து இங்கதானே நின்னீங்க? நீலக் கவுன்."

"ஆமா."

"நான் கேட்டேனே, தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு."

"கேட்டீங்க."

"உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "நீங்க போனதும் அந்தம்மாவே எல்லாம் சொல்லிடுச்சு" என்றார். "முதலாளி, நிறுத்திடுன்னுட்டார். கையில இருக்கிற வேலையை முடிச்சுட்டுப் போகட்டும்னு நான்தான் இன்னிக்கு ஒரு நாள் வாங்கினேன். தையலுக்கு நல்ல கை மேடம் அது, விட மனசு இல்ல. ஆனா யாரை நம்பி வைக்கிறது? நீங்களே பேசுறீங்களா?"

அவர் முதலாளியின் எண்ணை அழுத்தித் தொலைபேசியை அவளிடம் கொடுத்தார். கவுன்ட்டரைச் சுற்றிப் பில்லுக்காக ஆட்கள் நின்றார்கள். நேற்றுச் சிரித்த பெண்ணும் துணியை மடிப்பதுபோல் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு பேசுறது?" என்றது முதலாளியின் குரல்.

அவள் சொன்னாள். சிறை என்ற சொல்லை மெதுவாகச் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. இரைந்து சொல்ல வேண்டியிருந்தது. பில்லுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நீங்க வந்து நிப்பீங்களா?"

"நிப்பேன்" என்றாள். எந்த முகத்தோடு சொல்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "மாடியிலேயே தைக்கட்டும். கஸ்டமர் கண்ணுல படவேணாம்" என்றார். வேலை தப்பியது. அவ்வளவுதான் தப்பியது.

தையல் அறை மாடிப்படியின் கடைசியில், துணிப்பெட்டிகளுக்கு நடுவில் இருந்தது. ஊசி தனியாக இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாயில் குண்டூசிகள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஒவ்வொரு குண்டூசியாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள்.

"பில் கொண்டுவந்தீங்களா மேடம்?"

"நான்தான்…" என்று டீச்சர் ஆரம்பித்தாள். "இங்க யாரும் இல்ல. டீச்சர்னே கூப்பிடலாம்."

"பழகிடுச்சு மேடம்."

"வேலை இருக்கு. பேசிட்டேன். மாடியிலதான், ஆனா நிறுத்தமாட்டாங்க."

ஊசி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அக்காகிட்ட சொல்லலாமா? பொண்ணை அனுப்பச் சொல்லி?"

"சொல்லலாம்."

ஊசி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு மடித்து வைத்திருந்த நீலக் கவுனை எடுத்துப் பையில் போட்டாள்.

"நேத்து நான் சொல்லியிருக்கணும்" என்றாள் டீச்சர்.

"அவங்க உங்க நாத்தனார்தானே?"

"ஆமா."

"கேக்கு, பூவுன்னு சொன்னாங்க. அவங்களுக்குத் தெரியாதுன்னு அப்பவே புரிஞ்சுது." குரலில் குத்தல் இல்லை. ஒரு துணியின் ரகத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். "அதான் மேனேஜர் கேட்டப்போ உங்க மேல கண்ணை நிறுத்தல. உங்களுக்கு எதுக்குச் சங்கடம்."

'எங்க நல்லதுக்கா, உங்க நல்லதுக்கா?' என்று ரேடியோ கேட்டதற்கு அன்று தான் சொன்ன பதில் டீச்சருக்கு நினைவு வந்தது.

"நீளம் சரியா இருக்கும்" என்று ஊசி பையை நீட்டினாள். "போட்டுப் பாக்கச் சொல்லுங்க மேடம்."

வீட்டில் நாத்தனார் வாசலிலேயே பையைப் பிடுங்கிக்கொண்டாள். உடுத்திக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். கவுன் கணுக்காலுக்கு மேல் அளந்து வைத்ததுபோல நின்றது.

"பாத்தியாம்மா! ஜெயில்காரியா இருந்தாலும் கை மட்டும் தங்கம்!" என்றாள் தாயிடம். "வெளியூர் யூனிட்டாம், நல்லாக் கதை விட்டா. உண்மையில எங்கதான் கத்துக்கிட்டாளோ!"

"நான் பாடம் எடுக்கிற இடத்துல" என்றாள் டீச்சர்.

நாத்தனார் சிரித்தாள். கணவன் கையிலிருந்த செய்தித்தாளை இறக்கினான். அவன் முகத்தைப் பார்த்ததும் நாத்தனாரின் சிரிப்பு பாதியில் நின்றது. கவுனைத் தூக்கிப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

"எந்த இடத்துல?" என்று மாமியார் ஒன்றும் புரியாமல் கேட்டாள்.

"உக்காருங்க அத்தை" என்றாள் டீச்சர். அவள் உட்காரவில்லை. "அவங்க என் ஸ்டூடண்ட். நேத்து நான் பக்கத்துல நின்னும், தெரியாதவ மாதிரி வந்துட்டேன். முதல்ல அதைச் சொல்லிடுறேன்."